சகலை ஆடிய என் ஆட்டம்

அந்தச் சிப்பாய் பலகையில் வந்து நின்றபோது சத்தமே கேட்கவில்லை. சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். செஸ் போட்டியின் கடைசிச் சுற்று, முதல் மேஜை. எதிரே வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் என் சகலை உட்கார்ந்திருந்தார். முதலில் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். நானும் அதையே செய்தேன். அடுத்து, ராஜாவுக்கு வலப்பக்கம் பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு விரலால் தூக்கி, முட்டையை வைப்பது போல முதல் சிப்பாயின் பக்கத்தில் வைத்தார். என் சிப்பாய் அதை வெட்டலாம். வெட்டிக்கொள் என்றுதான் வைத்தார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஏனென்றால் அது என் ஆட்டம். ஆமத்தூரில் மாமனார் வீட்டில், ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் ஆடிக் காட்டிய ஆட்டம். ஈரலை எடுத்துக்கொண்டார், நாற்காலியை எடுத்துக்கொண்டார், கடைசியில் இதையும் எடுத்துக்கொண்டாரே என்று நினைத்தேன்.

நான் மூத்தவளைக் கட்டியவன், அவர் இளையவளைக் கட்டியவர். என்னைவிட இரண்டொரு வயது சின்னவர்தான். ஆனாலும் ஒருவரையொருவர் சகலை என்றேதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். முறுக்குக் கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்தவரோடு மராட்டியப் பக்கம் போய், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்றேன். கையில் இன்னும் அந்தத் தழும்புகள் உண்டு. பிறகு லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டுகிறவன், கரும்பு ஆலையில் மூட்டை தூக்குகிறவன். எந்த வேலையும் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பினேன். ஓர் ஊரின் பேருந்து நேரமெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டால் அந்த ஊர் எனக்குத் தீர்ந்துவிட்டது என்று பொருள். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் இருந்தேன். என் மனைவி ஆமத்தூரில் தன் தகப்பன் வீட்டிலேயே இருந்தாள், நான் போய் வந்துகொண்டிருந்தேன்.

சகலை, எம். புதுப்பட்டி என்ற ஊருக்குப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியை பயர் ஆபீஸ் என்பார்கள். அங்கே இருக்கிற வேலைகளில் எல்லாரும் ஒதுங்கிப் போகிற வேலை அது. வெயில் ஏறுவதற்கு முன்னால், ஊர் விழிக்கிற நேரத்தில், தனி அறையில் வெறுங்காலோடு நின்று வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்துக் கலக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது, போடக் கூடாது. எதையும் தூக்கித்தான் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் செம்பைக் கீழே வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சத்தம் வராது. என் மனைவி ஒருமுறை, “அவுக வீட்டுக்குள்ள வர்றதே தெரியாது. நீங்க தெருமுனைல வரும்போதே தெரிஞ்சிரும்” என்றாள். குறையாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை நான் எத்தனையோ ஊர்களுக்குக் கூடவே கொண்டுபோய் மென்றிருக்கிறேன்.

மாமனார் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் போய் முதுகு கூனியவர். நல்ல மனிதர். ஆனால் நான் போய் இறங்கினால், “வாங்க மாப்ள, எப்ப வந்தீக, எப்பப் போறீக?” என்று ஒரே மூச்சில் கேட்பார். சகலை போனால், “சாப்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்பார். அந்த வீட்டில் இருந்த ஒற்றை நாற்காலியில் யார் உட்காரச் சொன்னாலும் அவர் உட்கார மாட்டார், அதனாலேயே அது அவருடைய நாற்காலி ஆகிவிட்டது. நான் உட்கார்ந்தால் அவருடையதில் உட்கார்ந்தது போலத் தோன்றும். கறி எடுக்கிற நாளில் ஈரல் துண்டு யார் இலையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அது என் இலையில் விழுந்ததில்லை. அவர் விருதுநகர் போனால் மறக்காமல் எண்ணெய் புரோட்டா பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். நான் மராட்டியத்து நாந்தேடிலிருந்து மாமியாருக்குக் கம்பளி கொண்டுவந்தேன். எங்கள் ஊர் வெயிலில் அதை யார் போர்த்துவார்கள்? அது பரணில் கிடந்தது. புரோட்டாவை எல்லாரும் தின்றார்கள்.

செஸ் பலகையை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். கரும்பு ஆலையில் வண்டிகளை எடை போடுகிற இடத்தில் ஒரு கணக்கர் இருந்தார். வண்டி வராத நேரத்தில் எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொடக்கம். இரண்டாவது நகர்வில் சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பது, எதிராளி அதைத் தின்றுவிட்டுக் குதிரையையும் தாக்கினால் குதிரையையும் கொடுப்பது, கொடுத்த இடத்தில் திறக்கிற பாதை வழியாக யானையையும் ராணியையும் விட்டு ராஜாவைப் பிடிப்பது. அதற்கு கிங்ஸ் கேம்பிட் என்று பெயர் இருப்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். நான் காயை வைத்தால் பலகை அதிரும். பக்கத்தில் இருக்கிற காய்கள் துள்ளும். சீக்கிரம் ஜெயிப்பேன், இல்லாவிட்டால் மெதுவாகத் தோற்பேன்.

சகலை ஆட்டம் கற்றுக்கொண்டது கம்பெனி வேனுக்காகக் காத்திருக்கிற டீக்கடையில். அவர் காய்கள் வெகுநேரத்துக்குத் தன் பாதியைத் தாண்டி வராது. சின்னச் சின்னதாக ஒரு கட்டம், ஒரு கட்டமாக நகர்த்தி, ராஜாவை ஓரமாக ஒரு கூட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். “சகல, வெளிய வாங்க, வெயிலு ஒண்ணும் இல்ல” என்று கேலி செய்வேன். “வாறேன் வாறேன், நீங்க முதல்ல எல்லாத்தையும் குடுத்து முடிங்க” என்பார். சில நேரம் என் ஆட்டம் நன்றாக ஓடி, நான் குதிரையைக் கொடுக்கிற நேரத்தில், அவர் தன் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பலகையை அல்ல, என் கையையே பார்ப்பார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தாயிரம் பிறந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸின் முதலாளி செஸ் பைத்தியம். தீபாவளி முடிந்து பயர் ஆபீசுகளுக்குக் கொஞ்ச நாள் லீவு விடுகிற நேரத்தில் ஒரு போட்டி வைத்தார். அவருக்கு, கம்பெனிகளுக்குள் நடக்கிற ஆட்டங்களில் தன் பிரஸ்ஸுக்காக ஆடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். காலண்டர் சீசனும் உச்சத்தில் இருந்தது. முதலாவதாக வருகிறவன் வேறு எங்கே வேலை பார்த்தாலும் சரி, தன் பிரஸ்ஸில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கூரைக்குக் கீழே நிரந்தர வேலை, ஞாயிறு லீவு.

கொழுந்தியாள் இருக்கன்குடி மாரிக்கு நேர்ந்துகொண்டாள். “ஈரல் வேணாம், புரோட்டா வேணாம், அவுகள அந்த மருந்து ரூம்ல இருந்து வெளிய எடுத்துப் போட்டாப் போதும்” என்று தன் அக்காவிடம் அழுதிருக்கிறாள். அவள் அக்கா, அதாவது என் மனைவி, அதே வாரம் என்னிடம் வேறு ஒன்று சொன்னாள். “ஒரு ஊர்ல, ஒரு வேலைல இருந்து காட்டுங்க. அன்னிக்கே பொட்டியக் கட்டிட்டு உங்க கூட வந்துர்றேன்.” இருக்கிற ஒரு வேலைக்கு ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மாமனார் மட்டும் நடுநிலை வகித்தார். “ரெண்டு மாப்பிள்ளையும் நல்லா ஆடுங்க” என்றவர், சற்றுப் பொறுத்து, “இளையவரு பொறுமையா ஆடுவாரு” என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடைசிச் சுற்றுக்கு வரும்போது நானும் சகலையும் சமமான புள்ளியில் இருந்தோம். யார் ஜெயிக்கிறாரோ அவருக்கு வேலை. அவருடைய கூட்டை எப்படி உடைப்பது என்று மூன்று நாளாக நான் யோசித்து வைத்திருந்தேன். அவர் மாற மாட்டார், ஒரு கட்டம் ஒரு கட்டமாகத்தான் வருவார் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தச் சிப்பாயை என் முன்னால் வைத்தார்.

எனக்கு என் ஆட்டத்தை ஆடத்தான் தெரியும். அதை எதிர்த்து ஆட யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம் மாட்டியவர்கள் என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன். சிப்பாயைத் தின்றேன். தின்றதைக் காப்பாற்ற இன்னொரு சிப்பாயை அனுப்பினேன். அதை இன்னும் ஒரு கட்டம் தள்ளி அவர் குதிரையைத் தாக்கினேன். அவர் குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராஜாவை ஓரமாக வைத்து யானையை நடுவுக்குக் கொண்டுவந்தார். குதிரையைத் தின்றேன். அவர் ராணி வெளியே வந்தது. கடைவாய்க்குள் ஒரு கல் அகப்பட்டது போல இருந்தது எனக்கு. ஒவ்வொன்றும் நான் செய்வதுதான். ஆனால் நான் பதறிக்கொண்டு செய்வதை அவர் நிதானமாகச் செய்தார். நான் இரண்டாவது தாக்குதலில் மறந்துவிடுகிற பிஷப்பை அவர் மறக்கவில்லை. என் பையில் கிடந்த பழைய சட்டையை எடுத்து, துவைத்து, இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. என் ஆட்டம் இவ்வளவு அழகானது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பக்கத்தில் ஒரு கடிகாரம், இரண்டு முகம் உள்ளது. யோசிக்கிறவருடைய முகம் மட்டும் ஓடும். நேரம் முடியப் போகும்போது முள் ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும், முடிந்ததும் கொடி விழும். கொடி விழுந்தவர் தோற்றவர். என் ராஜா நடுவழியில் மாட்டிக்கொண்டு நின்றது. சகலையின் முறை. இனி மூன்று நான்கு நகர்வுதான், எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் கையை நீட்டினார். அப்போது தெற்கே ஓர் இடி இடித்தது.

அவர் கை அப்படியே நின்றது. காயைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். நாற்காலி தேய்கிற சத்தம்கூட வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் ஓடவில்லை. வெறுங்காலோடு, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த கதவு வழியாக ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இடி கேட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது பயர் ஆபீஸ் சட்டம். மின்னல் இறங்கினால் மருந்து இருக்கிற அறைதான் முதலில் போகும்.

போட்டியை நடத்த மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் மேடையிலிருந்து குதித்துவிட்டார். “என்னய்யா, பாம்பா? எங்கய்யா பாம்பு?”

டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு நின்றபடி சொன்னார். “பாம்பெல்லாம் இல்ல சார். இடி. இவுக எல்லாரும் பயர் ஆபீஸ் ஆளுக. இடிச்சா எந்திரிச்சிருவாக.”

“கடிகாரம் ஓடுதேய்யா!”

“நல்லவேளை சார், தீவாளிக்கு முந்தி நடத்தாமப் போனீக. சீசன்ல இடிச்சா கம்பெனிய மூடிருவாக, இவுகளும் அதே பழக்கத்துல வேன் ஏறி வீட்டுக்கே போயிருப்பாக.”

கூடத்தில் மிச்சம் இருந்தவர்கள் வாத்தியார்கள், பிரஸ் கணக்குப்பிள்ளைகள், டைரிக் கம்பெனி ஆட்கள். அவர்களோடு நானும். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு சீசன் பயர் ஆபீசில் இருந்திருக்கிறேன், வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற பக்கத்தில். இடி என் காதில் விழுந்தது, என் உடம்பில் விழவில்லை. எத்தனை ஊரில் வேலை பார்த்தேன், எந்த ஊராவது இப்படி என் காலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று யோசித்தேன். அந்த வேலை அவர்களைக் கொல்லக் கூடிய வேலை. அது தெரிந்தும் சொல்கிறேன், வெறுங்காலோடு வெளியே போய்க்கொண்டிருந்த அந்த வரிசையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கூப்பிடாமலேயே எழுந்து போக எனக்கு ஒரு வரிசை இல்லை.

வாசலைத் தாண்டியதும் அவர்களுக்கே நினைவு வந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து, “ஏலே, இது பள்ளிக்கூடம்லே” என்று முதுகில் தட்டிக்கொண்டு, வெட்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சகலை மட்டும் வரவில்லை. நடுவர் என் மேஜைக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, விதிப் புத்தகத்தில் இடி இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் எழுந்து வெளியே போனேன். அவரைக் காப்பாற்றப் போனேன் என்று ஊரில் சிலர் சொல்லிக்கொண்டார்கள். நான் அதற்காகப் போகவில்லை. எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மைதானத்தின் நடுவில், மரம், கட்டடம் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தூறல் தொடங்கியிருந்தது.

“சகல, உங்க கடிகாரம் ஓடுது.”

“ஓடட்டும். இடி நிக்கட்டும்.”

“உள்ள மருந்தா வச்சிருக்காக? சாக்பீஸ்தான் இருக்கு.”

“எனக்குத் தெரியுது சகல. இந்தக் காலுக்குச் சொல்லுங்க.” காலைத் தட்டிக் காட்டினார். “மத்தவுக எல்லாம் குழாய்க்கு மருந்து அடைக்கிறவுக, திரி வைக்கிறவுக. அவுகளுக்கு வாசலத் தாண்டுனாப் போதும். கலக்குறவனுக்கு அப்படி இல்ல. கடைசி இடி வரைக்கும் உள்ள போகக் கூடாது.”

மறுபடியும் இடித்தது. கிட்டத்தில். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சரி, ஒண்ணு கேக்குறேன். அது என்னோட ஆட்டம். நீங்க ஏன் ஆடுனீக?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ஆட்டத்துக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கீகளா?”

“விளையாடாதீக. உங்களுக்குத்தான் எல்லாம் இருக்குல்ல. எனக்கு அது ஒண்ணுதான்.”

“எனக்கு என்ன இருக்கு?” என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். நான் ஈரலைப் பற்றிச் சொல்ல முடியுமா? அவரே பேசினார். “நீங்க குதிரையக் குடுக்கும்போது ஒரு அடி அடிப்பீகள்ல பலகைல? வீடே திரும்பிப் பாக்கும். எனக்கு மேலெல்லாம் கூசும். காலைல இருந்து நான் எல்லாத்தையும் பச்சப்பிள்ள மாதிரி தூக்கி, பச்சப்பிள்ள மாதிரி வைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் வருது. ஒரு நாளாச்சும் உங்கள மாதிரி எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு, படார்னு வைக்கணும்னு இருந்துச்சு சகல. இன்னைக்குத்தான் வச்சிருவோம்னு வந்தேன்.”

“நீங்க வச்சது எனக்குச் சத்தமே கேக்கலையே.”

“ஆமா. படார்னு வைக்கத்தான் தூக்குனேன். கை கேக்க மாட்டேன்னுருச்சு.”

அவர் அதைச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பொறாமையை இப்படிச் சிரித்துக்கொண்டு, பட்டப்பகலில், சம்பந்தப்பட்டவனிடமே சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் அதை வருடக்கணக்காக மூட்டை கட்டிச் சுமந்தவன். பொறாமைப்படுவதில்கூட இந்த மனுசன் என்னைவிட ஒழுங்காக இருக்கிறாரே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

நடுவர் தலைமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். கொடி விழுந்துவிட்டது. கொடி விழுந்ததை எதிராளி சொன்னால்தான் கணக்கு, சொல்கிறேனா என்று என்னைக் கேட்டார். நான் சகலையைப் பார்த்தேன். அவர், “சொல்லுங்க. விழுந்தா விழுந்ததுதான்” என்றார். இந்த இடத்தில் நான் வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும் என்று இதைக் கேட்ட சிலர் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். எனக்கு வேலை வேண்டும். ஆமத்தூரில் ஒருத்தி பெட்டி கட்டக் காத்திருந்தாள். சொன்னேன்.

பிரஸ்ஸில் சேர்ந்தேன். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, அடித்து வருவதைக் கட்டுக் கட்டாக அடுக்குவது என் வேலை. மனைவி சொன்னபடி வந்தாள். சிவகாசியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். லீவு முடிந்ததும் சகலை மருந்து அறைக்குத் திரும்பிப் போனார். கொழுந்தியாள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஊரில் எனக்கு ‘இடி மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்தது. ஆட்டத்தை எழுதி வைத்திருந்த முதலாளியே ஒருநாள் பலகையில் காய்களை அடுக்கி, “இதுல உமக்கு என்னய்யா இருந்துச்சு?” என்று கேட்டார். ஒன்றும் இல்லைதான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் மேல் ஊர் காட்டிய இரக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மாமனார் வீட்டில் முன்பு அவருக்கு ஈரல் மட்டும் கிடைத்தது, இப்போது அதோடு ஒரு பெருமூச்சும் கிடைத்தது. ஜெயித்தவன் நான். இலையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

காலண்டர் சீசன் முடிந்தது. சிவகாசிப் பேருந்து நேரமெல்லாம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. விஜயவாடாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு நின்ற லாரியைப் பார்த்ததும் எனக்குள் பழைய ஆள் எழுந்துவிட்டான். முதலாளியிடம் போய், நான் கிளம்புகிறேன், என் இடத்துக்கு என் சகலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “இடிச்சா எந்திரிச்சுப் போயிருவாரேய்யா.”

“இங்கன எந்திரிக்க வேண்டாம்னு ஒரு தடவை சொல்லிருங்க. இருந்துக்கிடுவாரு. இருக்கிறதுல அவர மாதிரி ஆளு கிடையாது.”

அவர் மேல் இரக்கப்பட்டு நான் அதைச் செய்யவில்லை. ஊர் அவர் மேல் இரக்கப்படுவதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வேலையைக் காட்டிக் கொடுக்க முதல் நாள் நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தகரப் பட்டை இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ‘டமார் டமார்’ என்று அறை அதிர்ந்தது. எனக்கு அந்தச் சத்தத்தில் மாதக்கணக்கில் தலைவலி. சகலை முதல் அடிக்குக் கண்ணை இறுக்கி மூடினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அடி விழ விழ, பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி மலர்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் காலண்டர் கட்டை அடுக்கித் தரையில் பொத்தென்று போட்டார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் போட்டார். நான் மாதக்கணக்கில் நின்றும் எனக்கு ஒட்டாத இடம் மத்தியானத்துக்குள் அவரோடு ஒட்டிக்கொண்டது. லாரி ஏறும்போது எனக்கு அதுதான் கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு நான் போகாத ஊர் குறைவு. சகலை அதே பிரஸ்ஸில்தான் இருக்கிறார், இப்போது சூப்பர்வைசர். கொழுந்தியாள் என்னோடு பேசத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. என் மனைவி ஆமத்தூருக்குத் திரும்பவில்லை, சிவகாசியிலேயே தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நான் போய் வந்துகொண்டிருக்கிறேன். இதை எழுதுவது ஓசூரில், ஒரு குடோனின் காவல் அறையில். ராத்திரியில் தூக்கம் வராத பிற ஊர்க்காரர்களோடு போனில் செஸ் ஆடுகிறேன். இரண்டாவது நகர்வுக்கு அந்தச் சிப்பாயைத் தொடும்போதெல்லாம் விரல் ஒரு கணம் தயங்குகிறது. யாரிடமோ கேட்டுவிட்டு எடுக்க வேண்டியது போல இருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பிரஸ்ஸுக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் காகிதக் கட்டுகளின் மேல் பலகையை விரித்து லோடு ஏற்றுகிறவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டாவது நகர்வில் அந்தச் சிப்பாயை எடுத்து, பலகை அதிர வைத்தார். எதிரே இருந்தவர், “ஆரம்பிச்சுட்டாருய்யா சூப்பர்வைசர் ஆட்டத்த” என்றார். நான் சகலையைப் பார்த்தேன். அவர் வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“அது யாரோட ஆட்டம்னு இவுகளுக்குச் சொன்னீகளா சகல?” என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். குரல் அப்படி வரவில்லை.

“சொல்லாம இருப்பனா? சேந்த புதுசுலயே சொல்லிட்டேன். இடி மாப்பிள்ள ஆட்டம்னுதான் கொஞ்ச நாள் சொல்லிக்கிட்டு இருந்தாக.” தூக்குவாளியை மூடிவிட்டு, எனக்கு உட்கார இடம் ஒதுக்கினார். “பொறவு அவுகளாத்தான் மாத்திக்கிட்டாக. நீங்கதான் ஊர்ல இருக்கிறதில்லையே.”